அண்ணன் அறையில் ஆறு பாகை

1

எங்கள் நகரத்திலேயே மிகக் குளிர்ச்சியான வீடு என் அண்ணனுடையது என்று இந்த ஜூலை மாதம் ஒரு கணினி சொன்னது. ஆறு பாகை செல்சியஸ். காலையிலும் ஆறு, மத்தியானத்திலும் ஆறு. அதே நாட்களில் வெளியே தார் ரோட்டில் சப்பாத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் குடியிருப்பதோ ஒரு பழைய கட்டடத்தின் ஆறாம் மாடியில். தலைக்கு மேல் ஒரு பலகை, பலகைக்கு மேல் தகரக் கூரை, அதற்கு மேல் சூரியன்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் இலங்கையில் மாத்தளையை விட்டுப் பிரான்ஸுக்கு வந்து இருபத்துநான்கு வருடங்கள் ஆகின்றன. என் மகள் மீராவுக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழக விடுமுறையில் அவளுக்கு நகரசபையில் இரண்டு மாத வேலை கிடைத்தது. கோடையில் இந்த நாட்டின் எந்தெந்தப் பகுதிகள் மிக அதிகமாகச் சுடுகின்றன என்று ஊர் ஊராகக் கண்டுபிடிக்கிறார்கள். வானத்திலிருந்து எடுக்கும் படங்கள் கூரையின் சூட்டைக் காட்டுமாம். கூரைக்குக் கீழே இருக்கிற மனிதன் படும் பாட்டைக் காட்டாதாம். அதனால் வீட்டுக்கொரு சிறிய வெப்பமானியைக் கொடுத்து மூன்று வாரம் வைத்திருக்கச் சொல்கிறார்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, வெள்ளை நிறம், ஒரு பச்சை விளக்கு மினுங்கும். அது குறிக்கும் எண்கள் தானாகவே அலுவலகத்துக்குப் போய்விடும்.

எந்தத் தெரு அதிகம் சுடுகிறதோ அந்தத் தெருவின் கூரைகளை முதலில் திருத்துவார்கள் என்று மீரா சொன்னபோது நான் சமையலறையில் நின்றே கும்பிட்டேன். "மொதல்ல மாமா ரூமுக்குக் குடு" என்றேன். அந்த அறையில் கோடையில் மனிதர் இருக்க முடியாது என்று நான் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். என் வாய்க்குக் கிடைக்காத மரியாதை ஒரு மெஷினுக்குக் கிடைக்கும் என்று நம்பினேன்.

இரண்டாம் வாரம் மீராவின் பொறுப்பாளர் அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். தெரு முழுவதும் சிவப்பு, நடுவில் ஒரேயொரு நீலப் புள்ளி. "இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். மீரா வெட்கத்தோடு சொன்னாளாம், "என் மாமா."

2

அண்ணனுக்கு இப்போது அறுபத்திரண்டு. கல்யாணம் கட்டவில்லை. முதலில் இங்கே வந்தவர் அவர்தான். ஒரு உணவகத்தின் பின்கட்டில் பீங்கான் கழுவி என்னைக் கூப்பிட்டு, மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளை மாப்பிள்ளை ஒருவரை இங்கேயே தேடி எனக்குக் கட்டிவைத்து, கடைசியில் தனக்கென்று பார்க்க நேரம் வந்தபோது "இனி என்னத்துக்கு?" என்று விட்டுவிட்டார். இன்றும் அதே உணவகத்தில்தான் வேலை. ஆகஸ்டில் இங்கே பாதிக் கடைகள் மூடிவிடும். அந்த மாதம் முழுக்க அண்ணன் அந்த அறைக்குள்தான்.

ஊரில் அவர் லொறி ஓட்டினார். மாத்தளை மார்க்கட்டில் இருந்த ஒரு முஸ்லிம் முதலாளியின் லொறி. லக்கலைக்குப் போய்க் காடெரித்துச் செய்யும் சேனைப் பயிரான குரக்கன், கௌபி, எள்ளு எல்லாம் ஏற்றிக்கொண்டு வருவார். ரத்தோட்டை தாண்டி மலை ஏறும்போது மழையும் மூட்டமுமாக இருக்கும், பல் கிடுகிடுக்கும். உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் ஒரு துளி மழை இருக்காது. காய்ந்த காற்று முகத்தில் அடிக்கும். ஒரே மாவட்டம், ஒரே நாள், ஒரே லொறி. நாட்டில் எங்கே அதிகம் சுடும் என்று கண்டுபிடிக்க அண்ணனுக்கு வெப்பமானி தேவைப்பட்டதே இல்லை. எந்த வளைவில் எஞ்சின் கொதிக்கும், எந்த மரத்தடியில் நிறுத்தினால் ஆறும், எந்த ஓடையில் ஆகஸ்டிலும் தண்ணீர் கிடக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஒருநாள் திரும்பி வரும்போது மலை உச்சியில் பெருமழை. முதலாளியிடம் கொப்பியில் கையெழுத்துப் போட்டு வாங்கிய புதுத் தார்ப்பாய் கிழிந்துவிடும் என்று அதை மடித்து ஆசனத்துக்குக் கீழே வைத்துவிட்டு, பழைய சாக்குப் படங்கு ஒன்றை மூட்டைகளின் மேல் போட்டு, ஓட்டைக்கெல்லாம் தன் சாரம், சட்டை, போர்வை என்று அடைத்திருக்கிறார். உள்ளங்கியோடு நடுங்கிக்கொண்டு வந்து நின்றார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "மழைக்குத்தானேடா தார்ப்பாய் தந்தேன்?" என்று கேட்டதற்கு அண்ணன், "கையெழுத்துப் போட்டு வாங்குன சாமான், மொதலாளி" என்றாராம். எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

சிரித்தோமே தவிர, இந்த ஆள் இப்படித்தான் என்பதை நான் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

3

சனிக்கிழமை பதினொரு மணிக்கு நானும் மீராவும் ஆறு மாடி ஏறினோம். லிஃப்ட் கிடையாது. நான்காம் மாடிக்கு மேல் சூடு கையால் தொடுகிற மாதிரி நின்றது. அண்ணன் கதவைத் திறந்தார், அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"வாங்க வாங்க. ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே. எதுக்கு இந்த வெயில்ல?"

"மாமா, நான் தந்த சாமான் எங்க?" என்றாள் மீரா.

"பத்திரமா இருக்கு பாப்பா. ஒரு கீறல் இல்ல. காலைல எழும்புனதும் லைட் மினுங்குதான்னு பாத்துட்டுத்தான் மத்த வேல."

பெருமையோடு தன் சின்ன ஃப்ரிட்ஜைத் திறந்தார். கதவுத் தட்டில், தயிர்க் கோப்பைக்குப் பக்கத்தில், சலவை செய்த கைக்குட்டை ஒன்றில் சுற்றி அது படுத்திருந்தது.

மீரா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்தான் கேட்டேன். "ஏண்ணே இதுக்குள்ள வச்சீங்க?"

"பாப்பாதான சொன்னிச்சு, வெயில் படாத எடத்துல வைங்க, கவனமா வைங்கன்னு. இந்த ரூம்ல வெயில் படாத எடம் வேற எங்க இருக்கு?" என்றார் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கையெழுத்துப் போட்டுத் தந்த சாமான். இந்தச் சூட்டுல கெட்டுப்போனா யார ஏசுவாங்க? புள்ளயத்தான ஏசுவாங்க. மொத மொத வேலைக்குப் போயிருக்கு."

மீரா கட்டிலில் விழுந்து சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அண்ணன் ஒன்றும் புரியாமல் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தரையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், ஈரப் படுக்கை விரிப்பு ஒன்று விரித்திருந்தது. தலைமாட்டில் ஒரு வாளித் தண்ணீர்.

"இது என்ன மாமா?"

"அது சும்மா. பகல்ல கொஞ்ச நேரம் படுக்கிறது. நனச்சுப் போட்டா கொஞ்சம் ஆத்துது."

மெஷினுக்குச் சூடு தாங்காது என்று ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு, இவர் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வாரம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் அழுகையும் கூடவே வந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

4

என் மகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேள்விப்படுவதெல்லாம் அவளுக்கும் பொருந்தும். தமிழ் வகுப்பைப் பதின்மூன்று வயதில் விட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், இருவரும் அவரவர் மொழியில் சண்டை போடுவோம். ஊரிலிருந்து யாராவது போன் எடுத்தால் "ம், ம்" என்று இரண்டு நிமிடம் நின்றுவிட்டு எனக்குச் சைகை காட்டுவாள். மாமாவிடம் மட்டும் தமிழ் பேசுவாள். வேறு வழியில்லை, அண்ணனின் பிரெஞ்சு சமையலறைக்கு வெளியே செல்லாது. தட்டு, கத்தி, சூடு, சீக்கிரம், அவ்வளவுதான்.

அண்ணன் பேசும் தமிழுக்கும் இங்கே ஒரு சோதனை உண்டு. இலங்கையின் வடக்கிலிருந்து வந்தவர்கள் நடத்தும் தமிழ்க் கடையில் "தேங்காய் என்ன விலைங்க?" என்று கேட்டால், "நீங்கள் இந்தியாவோ?" என்பார்கள். "மாத்தளைங்க" என்பார். "ஓ, இலங்கையோ!" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டு தேங்காயைத் தட்டிப் பார்ப்பார்.

ஃப்ரிட்ஜ் கதை அலுவலகத்தில் நன்றாக எடுபட்டதாம். ஆனால் அந்த இரண்டு வாரக் கணக்கையும் தள்ளிவிட்டார்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் ஒருவர் இரண்டு நாள் கூடவே இருந்து, கையில் வேறொரு வெப்பமானி வைத்து மணிக்கு மணி சரிபார்க்க வேண்டும் என்றார்கள். அதற்குள் ஆகஸ்ட் வந்துவிட்டது. கடும் வெப்ப எச்சரிக்கையும் வந்தது.

எனக்கு அந்தத் தெருவின் கணக்கு பெரிசாகத் தெரியவில்லை. என் பயமெல்லாம் வேறு. ஜூன் மாதமே ஒருநாள் அண்ணன் நான்காம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்ததைக் கீழ்வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள். முகம் வெளிறி, கண் மூடி இருந்தாராம். கேட்டதற்குச் சப்பாத்துக் கயிறு கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் அன்று போட்டிருந்தது கயிறில்லாத சப்பாத்து. அந்த அறையில் ஒருநாள் அவர் விழுந்துகிடப்பார், எனக்குத் தெரியவே தெரியாது என்ற எண்ணம் அதிலிருந்து என்னை விடவில்லை.

தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு நகரசபையில் ஒரு பதிவேடு உண்டு. பெயர் கொடுத்தால் கடும் வெயில் நாட்களில் தினமும் போன் எடுத்து விசாரிப்பார்கள். படிவத்தை நிரப்பிக்கொண்டு போனேன். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன்.

"பேர் பதியிற வேலையே வேணாம் தங்கச்சி" என்றார். "அப்பா பிரஜாவுரிமைக்குப் பேரப் பதிஞ்சிட்டு எத்தன வருசம் கவர்மெண்டு கச்சேரிக்கு நடந்தாரு? ஒரு லிஸ்ட்ல பேர் இருந்தா இந்தியாவுக்கு அனுப்பிருவாங்க, ஒரு லிஸ்ட்ல இல்லாட்டி அனுப்பிருவாங்க."

"இது அந்த லிஸ்ட் இல்லண்ணே. சொகமா இருக்கீங்களான்னு கேப்பாங்க."

"அத நீ கேக்குறியே, போதாதா? லக்கல வெயிலப் பாத்தவன் நான்."

"லக்கலைல நெழல் வந்தா வண்டிய நிறுத்துனீங்க. இங்க எங்க நிறுத்துறீங்க?" என்று கத்திவிட்டேன்.

"எங்க வீட்டுக்கு வாங்க. ஒரு மாசம். எங்களுது ரெண்டாம் மாடி, முன்னால பெரிய மரம், குளுகுளுன்னு இருக்கு" என்று அன்றும் கெஞ்சினேன். ஒவ்வொரு கோடையும் கெஞ்சுகிறேன்.

"தங்கச்சி கட்டிப் போன வீட்டுக்கு வருவேன், சாப்புடுவேன். தங்க மாட்டேன். மாப்ள ஒண்ணும் நெனைக்க மாட்டாருதான். ஆனா எனக்கு அது சரிவராது."

எங்கள் பக்கத்தில் இது உள்ளதுதான், வாசிக்கிற உங்களுக்கே தெரியும். கல்யாணமான தங்கை வீட்டில் போய் இருந்துகொண்டார் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. அந்தப் பேச்சைப் பேசக்கூடியவர்கள் எல்லோரும் எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், பாதிப்பேர் மண்ணுக்குள் இருக்கிறார்கள். இருந்தாலும் அண்ணன் அவர்களுக்குப் பயந்து இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமை வந்து, சாப்பிட்டு, மூன்றரைக்கு எழும்பிப் போகிறார்.

5

கூடவே இருந்து சரிபார்க்கும் வேலைக்கு மீரா தன் பெயரைக் கொடுத்திருந்தாள். நான் வேண்டாம் என்றேன். "அம்மா, இது என் வேலை" என்று பிரெஞ்சில் சொன்னாள். இந்தத் தடவை வெப்பமானி மேசை மேல், உள்ளபடி வைக்கப்பட்டது. அவள் ஒரு கொப்பியோடு காலை பத்து மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தாள்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. மருமகள் முழு நாள் இருக்க வருகிறாள். பருப்பு, கத்தரிக்காய், அப்பளம் என்று அந்தச் சூட்டிலும் அடுப்பு மூட்டிச் சமைத்திருக்கிறார். இருந்த ஒரே மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்தாராம். அவள் அதை அவர் பக்கம் திருப்ப, அவர் மறுபடி திருப்ப, கடைசியில் நடுவில் வைத்து இருவருக்கும் காற்று வராமல் போனதாக அன்று மாலை வந்து சொன்னாள். முகம் தக்காளி நிறத்தில் இருந்தது. குளித்துவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் படுத்தாள்.

இரண்டாம் நாள் மூன்று மணிக்கு அண்ணன் போன் எடுத்தார். அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை, எங்கள் அப்பா செத்த அன்றுகூட.

"தங்கச்சி, பாப்பாக்கு மூக்கால ரத்தம் வருது. வாந்தியும் எடுத்திருச்சு. நான் கூட்டிட்டு வாறேன். நீ பயப்புடாத."

நான் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினேன். கால்வாய்ப் பாலத்துக்குக் கிட்டே அவர்களைக் கண்டேன். அவள் தலையில் ஈரத் துவாய், அவர் தோளில் அவளுடைய பை. இரண்டு பேரும் தள்ளாடி வந்தார்கள். யார் யாரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்று எனக்கு இப்போதும் தெரியாது.

வீட்டில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு மீராவைப் படுக்கவைத்தோம். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர் குடித்தாள். அண்ணன் சப்பாத்தைக் கழற்றாமல் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணியானதும் எழும்பினார்.

"அப்ப நான் வாறேன் தங்கச்சி."

மீரா கட்டிலை விட்டு இறங்கினாள். "நானும் வாறேன். இன்னும் எழுதி முடிக்கல."

"என்ன பாப்பா வெளையாடுறியா? அந்தச் சூட்டுக்குள்ள நீ இனிப் போகக் கூடாது. ஆளக் கொன்னுரும் அது."

"நீங்க போறீங்களே."

"எனக்குப் பழக்கம்" என்றார்.

"மாமா, எனக்குத் தமிழ்ல சரியா சொல்ல வருதில்ல." அவள் அழத் தொடங்கிவிட்டாள். "நீங்க அங்க இருந்தா எனக்கு இங்க இருக்க ஏலாது. அவ்வளவுதான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில்தான் நான் கத்துவேன். அன்று எப்படியோ வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதுவரை அடுப்படியில் நின்ற என் கணவர் உள்ளே போய், மாற்றிக்கட்டத் தன் புதுச் சாரம் ஒன்றை மடிப்புக் கலையாமல் எடுத்துவந்து கதிரையின் கைப்பிடியில் வைத்தார். அவர் அதிகம் பேசும் மனிதர் இல்லை.

"மச்சான், இது தங்கச்சி வீடுன்னு பாக்காதீங்க" என்றார். "ஒங்க மருமக வீடு. தாய்மாமன் வந்து இருந்தா யாரு என்ன சொல்றது?"

அண்ணன் அந்தச் சாரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றினார்.

6

முகம் கழுவிவிட்டு வந்தவர் கூடத்துச் சோபாவில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார். ஆறு மணிக்குத் தூங்கியவர் மறுநாள் காலை ஒன்பது வரை அசையவில்லை. என் கணவர் டிவியைச் சத்தமில்லாமல் பார்த்தார். நான் இரண்டு தடவை கிட்டப் போய் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். அவர் எத்தனை கோடையாக இப்படித் தூங்கவில்லையோ. என்னைத் தூக்கி வளர்த்த மனிதர். என் வீட்டில் ஒருநாள் தூங்க இருபது வருடம் எடுத்திருக்கிறார்.

கூரை திருத்துவது பற்றி நகரசபையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பரிசீலிக்கிறார்கள். இங்கேயும் பரிசீலனை என்றால் பரிசீலனைதான், நம் கச்சேரியில் உட்கார மர வாங்கு, இங்கே மெத்தை போட்ட கதிரை, அவ்வளவு வித்தியாசம். பதிவேட்டுப் படிவத்தில் அண்ணன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அண்ணன் அப்படித் தூங்கி எழுந்த அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மீரா கணினியைத் திறந்து வைத்திருந்தாள். அண்ணனின் அறையில் மேசை மேல் இருக்கும் வெப்பமானி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. தெருவில் அதுதான் இப்போது மிகவும் கடும் சிவப்பு.

"நாப்பத்தொண்ணு, மாமா" என்றாள்.

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தித் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எண் அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அடுத்தவர் வீட்டு ஆபத்தை விசாரிப்பவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"அங்க இப்ப ஆள் யாரும் இல்லையே?"

"இல்ல மாமா. யாரும் இல்ல."

அந்தப் பதிலைக் கேட்கத்தான் நான் இத்தனை கோடையும் காத்திருந்தேன்.